நெல் விளையும் ஊரில் வளராத பிள்ளைகள்

ஐராவதி டெல்டாதான் பர்மாவின் நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த அரிசியில் பெரும்பங்கு இந்த டெல்டாவிலிருந்தும் அதை ஒட்டிய பகோ சமவெளியிலிருந்தும் போனது. 2015-16இல் எடுத்த தேசிய மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்பில் அதே டெல்டாவின் கணக்கும் இருக்கிறது. அங்கே ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள நூறு பிள்ளைகளில் சுமார் 37 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 29 பேர், ரங்கூன் வட்டாரத்தில் 20 பேர், சின் மாநிலத்தில் 41 பேர். சின் மாநிலம் செங்குத்தான மலைநாடு. சாலை குறைவு, விளைச்சலும் குறைவு. அங்கே பிள்ளைகள் வளரவில்லை என்றால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நெல் குவிந்து கிடக்கும் டெல்டாவின் கணக்கு அதற்கு இவ்வளவு பக்கத்தில் ஏன் நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வியில் நாமும் இருக்கிறோம். பர்மாத் தமிழர் என்றாலே ரங்கூன் கடைத்தெரு, கோயில் தேர், அத்தோ என்றுதான் வெளியில் உள்ளவர்களுக்கு நினைப்பு. ஆனால் சிரியத்துக்கு அப்பால், பகோவைச் சுற்றி, தட்டோனிலிருந்து மோல்மேன் போகும் பாதையோரத்து ஊர்களில், வயலும் மாடுமாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறையாக இருக்கின்றன. என் அப்பத்தா வீடு அப்படி ஓர் ஊரில்தான். அங்கே போகும்போதெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையை ஐந்து வயது என்று நினைத்துப் பேசிவிடுவேன். “நம்ம வம்சமே கட்டைதான்ப்பா” என்று அப்பத்தா சமாதானம் சொல்வார்.

வம்சம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து, 2006இல் வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டது. தாய்ப்பால், சத்தான சாப்பாடு, நோயற்ற சூழல் மூன்றும் கிடைத்தால், எந்த நாட்டுக் குழந்தையானாலும் முதல் ஐந்து வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறது என்பதுதான் அதில் தெரிந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை சுமார் 86 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 80க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. அந்த ஆறு சென்டிமீட்டர் எங்கே போனது என்று தேடிப் போனால், வயலில் தொடங்கி அடுப்படி வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எலும்பும் தோலுமாக இருக்கும் நோஞ்சான் பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் பதறும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பர்மாவில் அப்படிப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு 7 பேர். வளர்ச்சி குன்றிய பிள்ளை அப்படித் தெரியாது. கன்னம் உப்பியிருக்கும், ஓடியாடும், சோறு நன்றாகவே தின்னும். அண்டை வீட்டுப் பிள்ளையும் அதே உயரத்தில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. கருவில் இருக்கும் நாளிலிருந்து இரண்டு வயது முடிவது வரை சுமார் ஆயிரம் நாள். அதற்குள் இழந்த வளர்ச்சியைப் பிறகு முழுவதும் மீட்க முடிவதில்லை. மூளையும் அதே ஆயிரம் நாளில்தான் வேகமாக வளர்கிறது. பள்ளிக்கூடத்தில் பின்தங்குவது, பெரியவனானதும் உழைப்புத் திறன் குறைவது, குட்டையாக வளர்ந்த பெண்ணுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது எல்லாம் அதன் தொடர்ச்சி.

சரி, நிலத்திலிருந்து தொடங்குவோம்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவில் பாதி காடும் சதுப்பும்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமானது. காட்டை வெட்டி வயலாக்கப் பர்மியக் குடியானவர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கடன் கொடுக்கச் செட்டியார்கள் வந்தார்கள், அறுவடைக்கும் ரங்கூன் அரிசி ஆலைகளுக்கும் மேஸ்திரிகள் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டு வந்தார்கள். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்ததும் கடனை அடைக்க முடியாத குடியானவர்களின் நிலம் கைமாறியது. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நிலத்தை இழந்த பர்மியர் அந்த நிலத்திலேயே குத்தகைக்காரரானார். அறுவடைக்கு வந்த தமிழர் கூலியாகவே இருந்தார். இரண்டு பேருக்கும் நிலம் இல்லை.

விடுதலைக்குப் பிறகு நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. 1960களில் கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வம்சாவளியினர் கப்பலேறிப் போனார்கள். போக வழியில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் ஊர்ப்புறத்திலேயே தங்கிவிட்டார்கள். நம் கிராமங்களில் இன்று இருப்பவர்களில் பலர் அவர்கள் பேரப்பிள்ளைகள். நிலம் அரசுக்குச் சொந்தம், உழுகிறவருக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும் என்பதே அன்றிலிருந்து விதி. 2012 விவசாய நிலச் சட்டப்படி ‘படிவம் 7’ என்ற நிலப் பயன்பாட்டுச் சான்று கையில் இருந்தால்தான் வேளாண் வங்கியில் கடன். அந்தப் படிவத்துக்குக் குடியுரிமைச் சான்று வேண்டும். 1982 சட்டத்தின் கீழ் குடியுரிமை அட்டை மூன்று நிறம்: முழு உரிமைக்கு ரோஸ், குறைந்த உரிமைக்கு நீலமும் பச்சையும். எந்த அட்டையும் இல்லாமல் வீட்டுப் பட்டியலில் பேர் மட்டும் உள்ளவர்களும் உண்டு. தாத்தா எந்த வருடம் வந்தார் என்பதற்குக் காகிதம் இல்லாத குடும்பம் நிலத்துக்கும் விண்ணப்பிக்க முடியாமல், வங்கிக் கடனும் கிடைக்காமல் நிற்கிறது. பிள்ளையின் உயரத்துக்கும் தாத்தாவின் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிலமில்லாத குடும்பத்தின் வருடத்தைப் பார்த்தால் தெரியும்.

டெல்டாவில் பல ஊர்களில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வயல் இல்லை. ஆனி, ஆடியில் நடவு இருக்கும், கார்த்திகை, மார்கழியில் அறுப்பு இருக்கும். இடையில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வேலையும் இல்லை, பழைய நெல்லும் தீர்ந்திருக்கும், மழையும் விடாது. அப்போது நெல் வியாபாரியிடமோ வயல்காரரிடமோ முன்பணம் வாங்குவார்கள். சொந்த வயல் உள்ளவர், அறுக்கப்போகும் நெல்லை இப்போதே மலிவு விலைக்கு விற்றுப் பணம் வாங்குகிறார். இதற்குப் பர்மிய மொழியில் ‘சபாபே’ என்று பெயர், நூறு வருடப் பழக்கம். வயல் இல்லாதவர் அறுப்புக் கூலியை முன்கூட்டி விற்கிறார். அறுப்பு வந்து நெல் குவியும்போது அவர் கூலி ஏற்கெனவே தின்று முடித்த கூலி.

இங்கே அரிசியை அளப்பது கெட்டிப்பால் டின்னால்தான். எட்டு டின் ஒரு பியி. தினக்கூலி எவ்வளவு என்று கேட்டால் பல அம்மாக்கள் பணத்தில் சொல்வதில்லை, இத்தனை டின் அரிசி என்பார்கள். கூலி ஏறினாலும் இறங்கினாலும் முதலில் வாங்குவது அரிசி. மிச்சம் இருந்தால் எண்ணெய், உப்பு, ஙப்பி என்ற மீன் விழுது. அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால்தான் முட்டை, பருப்பு, பழம். ஆவணியில் அந்த மிச்சம் இருப்பதில்லை. பட்டினி என்ற சொல் இதற்குப் பொருந்தாது, பிள்ளையின் வயிறு நிறைந்துதான் இருக்கிறது. 2015-16 கணக்கெடுப்பில், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதுமான தடவை, போதுமான வகை உணவு கிடைத்தவர்கள் நூற்றுக்கு 16 பேர்தான். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை.

பருப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. நெல் அறுத்த வயலில் ஈரம் காயும் முன்பே கீழ்பர்மா முழுக்க உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறார்கள். பகோ பக்கம் தை, மாசியில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் உளுந்துதான். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குப் போகிறது. 2021இல் போட்ட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் பர்மாவிலிருந்து வாங்க இந்தியா ஒத்துக்கொண்டது. சென்னையில் அரைக்கும் இட்லி மாவில் நம் வயல் உளுந்து இருக்கக்கூடும். பர்மியர் உளுந்தை அவ்வளவாகத் தின்பதில்லை, அவர்களுக்கு அது விற்கிற பயிர், ‘மட்பே’. நமக்கு உளுந்து தின்கிற பயிர். உளுந்தங்கஞ்சியும் உளுந்தங்களியும் பெண்பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் உளுந்து பறிக்கப் போகும் தமிழ்ப் பெண்ணுக்குக் கூலி பணமாக வருகிறது, அந்தப் பணம் அரிசியாகிறது, உளுந்து மூட்டை லாரியில் ரங்கூன் துறைமுகத்துக்குப் போகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு அளவு வைத்தபோது இங்கே விலை சரிந்தது. விலை சரிந்தால் உள்ளூர்க்காரர் மலிவாக வாங்கித் தின்னலாமே என்று தோன்றும். நடந்தது வேறு. வயல்காரர் கடனில் விழுந்தார், அடுத்த போகத்துக்குக் கூலியாள் எடுப்பதைக் குறைத்தார், கூலியாள் வீட்டில் பருப்பு முன்னைவிடக் குறைந்தது.

பருப்பு போனால் மீன் இருக்கிறதே? டெல்டாவில் வாய்க்கால் இல்லாத ஊர் ஏது? அப்பத்தா சின்ன வயதில் மழைக்கு வயலில் ஏறும் கெண்டையையும் கெளுத்தியையும் தூரி வைத்துப் பிடித்ததைச் சொல்வார். விரல் நீள மீனை முள்ளோடு, தலையோடு அரைத்துக் குழம்பு வைப்பார்கள். புரதம் மட்டுமில்லை, அந்த முள்ளிலும் கண்ணிலும்தான் கால்சியமும் வைட்டமின் ஏயும் இருக்கின்றன. இன்றைக்கு மீன் நிறைந்த வாய்க்கால்களும் மடுக்களும் பல இடங்களில் அரசு ஏலத்தில் குத்தகைக்குப் போகின்றன. குத்தகை எடுத்தவர் காவல் போடுகிறார், வலை வீசினால் குற்றம். 1990களில் கோடை நெல் சாகுபடியை அரசு முடுக்கிவிட்டது. அதற்காக அணை கட்டி வெள்ளத்தை மறித்த இடங்களில் மீன் வயலுக்கு ஏறும் வழி அடைபட்டது. பூச்சிமருந்து அடித்த வயலில் நண்டும் நத்தையும் தவளையும் குறைந்தன. கடலோரத்தில் அலையாத்திக் காடு போய்விட்டது. ஐராவதி டெல்டாவில் 1978க்கும் 2011க்கும் இடையில் 64 சதவீத அலையாத்திக் காடு அழிந்ததாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நெல்லுக்காக வெட்டியது. நெல்லை விளைவிக்க மீன்குஞ்சு வளரும் இடத்தை அழித்திருக்கிறோம். சோறு கூடியது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருந்தது குறைந்தது.

அந்தக் காடு இருந்த இடத்தில்தான் 2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் கடலைக் கொண்டுவந்து கொட்டியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து சுமார் 1,38,000 பேர். வயலில் உப்பேறியது, உழவு மாடு செத்தது, குடிநீர்க் குளங்கள் கடல்நீரும் பிணமுமாகக் கிடந்தன. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இன்று பதினெட்டு வயதுக்குப் பக்கம். அடுத்த தலைமுறைக்கு அம்மா அப்பா ஆகப்போகிறவர்கள் அவர்கள்தான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தின்ற சோறும் உடம்பில் ஒட்டாமல் போகிறது. டெல்டா ஊர்களில் மழைநீரைக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்துக் குடிப்பார்கள், அது தீர்ந்ததும் ஊர்க்குளம். பங்குனி, சித்திரையில் குளம் வற்றிச் சேறாகும், கடலோர ஊர்களில் உப்புக் கரிக்கும். ஆழ்குழாய்க் கிணறு போட்ட இடங்களில் சிலவற்றில் நிலத்தடி ஆர்செனிக் ஏறி வருகிறது. நிறமும் வாசனையும் இல்லாததால் குடிப்பவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் வெள்ளம் கழிப்பறைக் குழியைக் குளத்தோடு சேர்த்துவிடுகிறது. தவழும் பிள்ளை கோழி எச்சம் கிடக்கும் தரையில் கைவைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. பேதி வந்தால் அம்மாவுக்குத் தெரியும். பேதியே வராமலும் குடல் கெட்டுப்போகும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. குடலின் உள்சுவரில் விரல்விரலாக நிற்கும் உறிஞ்சிகள் கிருமிகளோடு ஓயாமல் போராடிப் போராடித் தேய்ந்து மழுங்குகின்றன. பிறகு சத்து உள்ளே போவது குறைகிறது. போன சத்திலும் ஒரு பங்கை, எலும்பு வளர்க்க வேண்டிய உடம்பு, கிருமியை எதிர்க்கச் செலவழிக்கிறது.

அப்படியானால் கழிப்பறை கட்டிக் கை கழுவச் சொன்னால் பிள்ளை வளர்ந்துவிடுமா? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாட்டு ஊர்ப்புறங்களிலும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து 2018, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாதாரணக் கழிப்பறையும் கைகழுவலும் மட்டும் உயரத்தைக் கூட்டவில்லை. கூடுதல் உணவு கொடுத்த குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தார்கள். கழிப்பறை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, வீட்டு மூலையில் ஒரு குழி வெட்டியதால் மட்டும் ஊர் முழுக்கப் பரவிய அழுக்கு போகாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். குழாயில் சுத்தமான தண்ணீர் வீட்டுக்கு வருவதும் கோழி தனியாக அடைபடுவதும் ஏழைக் குடும்பம் தனியாகச் செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் இல்லை.

இனி அடுப்படிக்கு வருகிறேன். இதில் ஏழ்மைக்கும் பழக்கத்துக்கும் சமபங்கு, அதனால் பேசக் கஷ்டமான பகுதி.

பர்மாவில் கைக்குழந்தைகளைக் கொல்லும் நோய்களில் ஒன்று பெரிபெரி. பி1 என்ற தயமின் வைட்டமின் குறைவால் வருவது. பெரியவர்களுக்குக் கால் மரத்துப் போகும், வீங்கும். குழந்தைக்கு இரண்டு, மூன்று மாதத்தில் வரும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும், கொழுகொழு என்றிருக்கும் குழந்தை திடீரென்று பால் குடிக்க மறுக்கும், கக்கும், மூச்சு வாங்கும். அழும், ஆனால் அழுகைச் சத்தம் வெளியே வராது. வாய் திறந்திருக்கும், குரல் இருக்காது. கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிடும். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்தில் எழுந்து பால் குடிக்கும் குழந்தை, ஊசி போடாததால் இறந்துபோகிறது. பர்மியக் கிராமத்தில் பேய் பிடித்தது என்பார்கள், நம் ஊரில் புள்தோஷம் என்று மந்திரிக்கப் போவார்கள். தாய்லாந்து எல்லையில் கரேன் இன அகதிகளின் முகாம்களில் வேலை செய்த மருத்துவர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதைக் கவனித்து எழுதினார்கள். அங்கே குழந்தைச் சாவுக்குப் பெரிய காரணமாக இருந்தது பெரிபெரிதான். தாய்மாருக்குத் தயமின் கொடுக்கத் தொடங்கியதும் அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

பால் கொடுக்கும் தாய்க்கு பி1 எப்படிக் குறைகிறது? ஆலையில் வெள்ளைவெளேர் என்று தீட்டிய அரிசியில் தவிடு போய்விடும், தவிட்டோடு பி1 போய்விடும். மிஞ்சியதை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம், கஞ்சியை வடித்துப் பன்றிக்கோ மாட்டுக்கோ ஊற்றுகிறோம். பாக்கு, பச்சையாக ஊறிய மீன், கடுந்தேநீர் மூன்றும் உடம்பில் உள்ள பி1ஐயும் கெடுப்பவை. இவ்வளவுக்கும் மேலே பிரசவப் பத்தியம். பர்மிய, கரேன் கிராமங்களில் பிள்ளை பெற்றவள் பல வாரம் சோறும் உப்பும் கொஞ்சம் சுட்ட மீனுமாக இருக்கிறாள். காய் குளிர்ச்சி, பயறு வாயு, முட்டையும் இறைச்சியும் புண் ஆறாது. நம் பத்தியம் இவ்வளவு மோசமில்லை. பூண்டும் மிளகும் கருவாடும் முருங்கைக்கீரையும் அதில் உண்டு, பிரசவ மருந்து உண்டு. ஆனால் நான்கு தலைமுறையாகப் பக்கத்து வீட்டுப் பழக்கம் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நாற்பது நாள் மிளகு ரசமும் சோறும்தான். கீரை கேட்டதற்கு, “பச்சை உடம்புக்கு ஆகாது, பிள்ளைக்கு வயிறு ஊதும்” என்றார் அவர் மாமியார். அந்த அம்மாவுக்கு அக்கா மேல் பாசம் குறைவில்லை. தான் பெற்றபோது தனக்குச் செய்ததையே இவளுக்கும் செய்தார்.

இதில் நாம் மறந்துபோன ஒரு கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரியால் சீனத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பக்கத்திலேயே இருந்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு அது வரவில்லை. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் பார்த்துவிட்டு அரிசியைச் சந்தேகப்பட்டார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டோரத்து பி1 அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் இரண்டு அரிசியையும் இரண்டு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. நம் பாட்டிமார் நெல் அவித்த பானை அவர்கள் பிள்ளைகளைக் காத்திருக்கிறது. பர்மாவுக்கு வந்தபின், ஆலைப் பச்சரிசியே மலிவாகக் கிடைத்ததால், நெல் அவிப்பது விட்டுப்போயிற்று. எங்கள் வீட்டில் இட்லிக்கு மட்டும்தான் புழுங்கல் தேடுவோம்.

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிள்ளை பிறந்து மூன்று மாதம் வரை தாய்க்குத் தயமின் மாத்திரை கொடுக்கும் திட்டம் பர்மாவில் உண்டு. மாத்திரை மிக மலிவு. மருத்துவச்சியிடம் போகிறவளுக்குத்தான் அது கிடைக்கும். ஒரு மருத்துவச்சிக்கு ஐந்தாறு ஊர், மழைக்காலத்தில் பாதி ஊருக்குப் படகு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சுகாதாரப் பணியாளர்கள் பெருந்தொகையாக வேலையை விட்டு வெளியேறினார்கள், பல ஊர்களில் சண்டை நடக்கிறது, தடுப்பூசி தடைப்பட்டது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 1,300 கியாட்டாக இருந்தது 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியது. சமையல் எண்ணெயும் மருந்தும் இறக்குமதிப் பொருள்கள். 2023இல் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதாக ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது.

அப்புறம், சவலை. நம் மொழியில் எவ்வளவு துல்லியமான சொல்! கைப்பிள்ளை பால்குடி மறக்கும் முன்பே அம்மா அடுத்ததை உண்டாகிவிட்டால், பால் வற்றி, மூத்தது வாடி, நச்சரித்து, வயிறு முன்தள்ளி நிற்கும். 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பிள்ளைகளின் வீக்க நோயை உலகத்துக்கு விளக்கியபோது அந்த ஊர் மக்கள் சொன்ன பெயரையே வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். கடல் கடந்த இரண்டு ஊர்ப்புறங்களும் ஒரே விஷயத்தைக் கண்டு பெயர் வைத்திருக்கின்றன. இன்றைக்குப் பர்மாவில் அடுத்த குழந்தை வராமலேயே பிள்ளை சவலையாகிறது. அம்மா மேசோட் வழியாகத் தாய்லாந்துக்கு மீன் ஆலை வேலைக்குப் போகிறாள், இல்லையென்றால் ரங்கூன் லைன்தாயாவில் தையல் ஆலைக்குப் போகிறாள். பதிவான வேலையில் இருப்பவளுக்குச் சட்டப்படி 14 வாரம் பேறுகால விடுப்பு, நாற்று நடுகிறவளுக்கு அதுவும் கிடையாது. பிள்ளை ஊரில் பாட்டியிடம். அம்மா அனுப்பும் பணத்தில் பாட்டி பாசமாக வாங்கிக் கொடுப்பது பாக்கெட் தின்பண்டமும் கெட்டிப்பால் கலந்த தேநீரும். அரிசி அளக்கும் அந்த டின்னில் முதலில் இருந்த பால் அது, பாதி சர்க்கரை. குழந்தை சமர்த்தாக இருக்கும், பசி அடங்கிவிடும், முட்டை வேண்டாம் என்று தலையைத் திருப்பும்.

என்ன செய்தால் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 2016 முதல் 2019 வரை நடுப்பர்மாவின் வறள்நிலத்தில் ஒரு சோதனை நடந்தது. சில ஊர்களில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைத் தாய்மாருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில் பணத்தோடு தாய்மார் கூட்டமும் நடத்தி, எதைத் தின்னலாம், குழந்தைக்கு எப்போது என்ன கொடுக்கலாம் என்று பேசினார்கள். பணம் மட்டும் கிடைத்த ஊர்களில் பிள்ளைகளின் உயரம் மாறவில்லை. பணமும் பேச்சும் சேர்ந்த ஊர்களில் வளர்ச்சி குன்றியவர்களில் நூறு பிள்ளைகளுக்கு நான்கு பேர் குறைந்தார்கள். வெறும் பணத்தால் பத்தியம் மாறாது, வெறும் பேச்சால் முட்டை வராது. அந்தக் கூட்டத்துக்கு இளம் அம்மாவை மட்டும் கூப்பிட்டால் நம் ஊரில் பாதி வேலைதான் நடக்கும். அடுப்படியில் முடிவு எடுப்பது மாமியாரும் அப்பத்தாவும். அவர்களுக்குப் புரியும்படி நெல் அவித்த பானையிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊரில் மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு கிடைக்காததால் நொய்யரிசியில் காய்ச்சுவது. கூடவே ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வதக்கலும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவருவார்கள், சிலர் பாசிப்பயறு வேகவைத்துப் போடுவார்கள். அட்டை உள்ளவர், இல்லாதவர், பர்மியர், கரேன்காரர் எல்லோர் பிள்ளைகளும் கிண்ணத்தோடு வந்து உட்காரும். அந்தப் பிள்ளைகளின் தட்டில் வருடம் முழுக்க இல்லாத கீரையும் மீனும் பயறும் அந்த ஒரு நாள் இருக்கும். மறுநாள் அண்டாவைக் கழுவிக் கோயில் பின்புறம் கவிழ்த்து வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு வருவது ஆவணியும் புரட்டாசியும்.